அடுத்த கூடுகைக்கு எந்தப் புத்தகம்?

ஒரு வாசிப்புக் குழு நீடிக்குமா கலையுமா என்பது பெரும்பாலும் கூட்டத்தின் கடைசிப் பத்து நிமிடத்தில் முடிவாகிறது. அதுவரை பேசிய புத்தகத்தை மூடிவைத்து, அடுத்த மாதத்துக்கு எதைப் படிப்பது என்று கேட்கும் நேரம் அது. அதற்குள் பாதிப் பேர் எழுந்துவிடுவார்கள். யாரோ ஒருவர் ஒரு தலைப்பைச் சொல்வார், யாரும் மறுக்கமாட்டார்கள். அடுத்த மாதம் வருகிறவர்களில் மூன்று பேரே அதைப் படித்திருப்பார்கள். பேச்சு வேறு எங்கோ போய்விடும். அதற்கு அடுத்த மாதம் கூட்டமே நடக்காது. தேர்வுக்கு முறையான நேரம் ஒதுக்கும் குழுக்கள் இந்தச் சரிவிலிருந்து தப்பிக்கின்றன.

இங்கே பேசப்படுவது பரீட்சையோ கட்டணமோ தலைவரோ இல்லாத, ஆறிலிருந்து பத்துப் பன்னிரண்டு பேர் மாதம் ஒருமுறை கூடும் எளிய குழுக்களைப் பற்றி. கோலாலம்பூரில் அப்படிக் கூட மஸ்ஜித் இந்தியா வட்டாரம் வசதியான இடம். மஸ்ஜித் ஜாமெக் நிலையத்தில் எல்ஆர்டி தடங்கள் சந்திக்கின்றன. கிள்ளானிலிருந்து வருகிறவர் கேடிஎம் ரயிலில் பேங்க் நெகாரா நிலையத்தில் இறங்கி நடந்தே வந்துவிடலாம். மெர்டேக்கா சதுக்கத்தை ஒட்டியுள்ள கோலாலம்பூர் நூலகமும் நடந்து போகும் தூரம்தான். வட்டாரத்துக்குப் பெயர் தந்த பள்ளிவாசல் 1863இல் எழுந்தது. அங்கே இன்றும் தமிழில் பிரசங்கம் நடக்கிறது. துணிக்கடை ஊழியர், தமிழ்ப்பள்ளி ஆசிரியர், ஓய்வுபெற்ற அரசுப் பணியாளர், பல்கலைக்கழக மாணவர் என்று பலதரப்பட்டவர்கள், இந்து, முஸ்லிம், கிறிஸ்துவர் என்ற வேறுபாடில்லாமல் ஒரே மேசையில் உட்காரக்கூடிய இடம் இது. வாசிப்பு வேகத்திலும் தமிழ்ப் பழக்கத்திலும் இவர்களுக்குள் பெரிய வித்தியாசம் இருக்கும். புத்தகத் தேர்வு கடினமாவது அதனால்தான், அதற்குப் பொருள் சேர்வதும் அதனால்தான்.

சேர்ந்து படிக்கும் வழக்கம் மலாயாத் தமிழருக்குப் புதிதல்ல. 1950களின் தொடக்கத்தில் தமிழ் நேசன் நாளிதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் ‘கதை வகுப்பு’ நடத்தினார்கள். சிறுகதை எழுத விரும்பியவர்களுக்கான பயிற்சி அது. அதையடுத்துத் தமிழ் முரசில் சுப. நாராயணன் ‘இரசனை வகுப்பு’ நடத்தி, கதையை எப்படிப் படித்து ரசிப்பது என்று வாசகர்களோடு பேசினார். பின்னாளில் மலேசிய, சிங்கப்பூர் இலக்கியத்தில் பெயர் பெற்ற பலர் இந்த வகுப்புகளின் வழியே வந்தவர்கள். சிங்கப்பூரில் அங் மோ கியோ நூலகத்தில் தொடங்கிய வாசகர் வட்டம் முப்பது ஆண்டுகளைக் கடந்து நடந்துவருகிறது. சென்னையில் லக்ஷ்மி கிருஷ்ணமூர்த்தி 1960களில் நடத்திய வாசகர் வட்டம் ஒரு பதிப்பகம். சந்தா கட்டிய வாசகருக்காகவே நூல்களைத் தேர்ந்து அச்சிட்ட அந்த நிறுவனம்தான் தி. ஜானகிராமனின் ‘அம்மா வந்தாள்’ நாவலையும், கடல் கடந்த தமிழரின் எழுத்தைத் தொகுத்த ‘அக்கரை இலக்கியம்’ நூலையும் வெளியிட்டது. வாசகரை மனத்தில் வைத்துப் புத்தகம் தேர்வது ஒரு கலை என்பதற்கு அந்த வெளியீட்டுப் பட்டியலே சான்று.

கிள்ளான் பள்ளத்தாக்கில் உள்ள குழு முதலில் கேட்கவேண்டியது, இந்தப் புத்தகம் எட்டுப் பேருக்கும் கிடைக்குமா என்பது. நல்ல புத்தகமா என்ற கேள்வி அதற்குப் பிறகுதான். கிடைக்குமா என்ற கேள்வியைச் சென்னையில் இருப்பவர் மறந்துவிடலாம், கோலாலம்பூரில் இருப்பவர் மறக்கவே முடியாது. தமிழ் இலக்கிய நூல் விற்கும் கடைகள் இங்கே விரல்விட்டு எண்ணத்தக்கவை. பள்ளிப் பயிற்சி நூல்களும் ஆன்மிக நூல்களும் இருக்கும் அளவுக்கு நாவல்கள் இருக்காது. ஒரு பிரதி இருக்கும், எட்டு இருக்காது. தமிழ்நாட்டிலிருந்து தருவித்தால் அஞ்சல் செலவு ஏறி விலை கூடும், வந்துசேர வாரக்கணக்கில் ஆகும். மலாயாப் பல்கலைக்கழக நூலகத்தின் தமிழ்த் தொகுப்பு பெரியது என்றாலும், ஒரே நூலின் எட்டுப் பிரதிகளை நூலகத்தில் எதிர்பார்க்க முடியாது. அதனால் இங்குள்ள குழு ஒரு புத்தகத்துக்கு இரண்டு புத்தகமாக முன்கூட்டியே முடிவுசெய்வது நல்லது. இந்த மாதம் படிப்பது கையில் இருக்கும்போதே அதற்கடுத்தது வழியில் வந்துகொண்டிருக்க வேண்டும். சென்னைப் புத்தகக் காட்சி நடக்கும் ஜனவரியை ஒட்டி யாராவது ஊருக்குப் போனால், அவர் பெட்டியில் ஆறு மாதத்துக்கான நூல்களை மொத்தமாகக் கொண்டுவரச் சொல்லலாம்.

இன்னொரு ஊற்று வீட்டிலேயே இருக்கிறது. மலேசிய எழுத்தாளர்களில் பலர் தாங்களே பணம் போட்டு நூலை அச்சிடுகிறார்கள். வெளியீட்டு விழாவில்தான் அது பெருமளவு விற்கிறது. உறவுக்கும் நட்புக்கும் மரியாதையாக, மொய் வைப்பதுபோல உறையில் பணம் வைத்து நூலை வாங்குகிறவர்கள் உண்டு. அப்படி வாங்கிய நூல்கள் பிரிக்கப்படாமலே அலமாரியில் நிற்கின்றன. புதிதாகத் தொடங்கும் குழு முதல் வேலையாக ஒவ்வொருவர் வீட்டிலும் இருக்கும் மலேசிய நூல்களைப் படம் எடுத்துப் புலனத்தில் போடச் சொன்னால், ஒரே நூல் மூன்று நான்கு வீடுகளில் இருப்பது தெரியவரும். எழுத்தாளர் இந்த ஊரிலேயே இருப்பதால், மீதிப் பிரதிகளை அவரிடமே கேட்டு வாங்கலாம். அவரைக் கூட்டத்துக்கும் அழைக்கலாம். ஆனால் முதல் ஒரு மணி நேரம் அவர் இல்லாமல் பேசிவிட்டுப் பிறகு அவரை உள்ளே அழைப்பது மேல். எழுதியவர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது தமிழர் யாரும் மனத்தில் பட்டதைச் சொல்வதில்லை, பாராட்டுரைதான் வரும்.

புலனத்தில் சுற்றும் பிடிஎப் கோப்புகள் ஒரு சபலம். நாட்டுடைமையாக்கப்பட்ட எழுத்துகளை மின்வடிவில் படிப்பதில் தவறே இல்லை. தமிழக அரசு கல்கியின் எழுத்துகளை 1999இலும் புதுமைப்பித்தனின் எழுத்துகளை 2002இலும் நாட்டுடைமையாக்கியது. மலேசியச் சட்டப்படி பதிப்புரிமை எழுத்தாளர் மறைந்து 50 ஆண்டு வரை நீடிக்கும். இவர்கள் இருவரும் மறைந்து அதைவிட நெடுங்காலம் ஆகிவிட்டது. மதுரைத் திட்டம், தமிழ் இணையக் கல்விக்கழகம் போன்ற தளங்களில் ஏராளமான பழைய நூல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. வாழும் எழுத்தாளரின் நூலை, அதிலும் சில நூறு பிரதிகளே அச்சிட்ட உள்ளூர் எழுத்தாளரின் நூலை, ஒருவர் வாங்கி எட்டுப் பேருக்கு நகலெடுத்துத் தருவது வேறு. அதைச் செய்யும் குழு தனக்கு வேண்டிய அடுத்த நாவலை எழுதவிடாமல் தானே தடுக்கிறது.

சட்டத்தில் கவனிக்கவேண்டியது இன்னொன்றும் உண்டு. ம. நவீனின் ‘பேய்ச்சி’ நாவலை உள்துறை அமைச்சு 2020 டிசம்பரில் தடைசெய்தது. 1984ஆம் ஆண்டு அச்சக, வெளியீட்டுச் சட்டத்தின்கீழ் தடைசெய்யப்பட்ட நூலைத் தகுந்த காரணமின்றி வைத்திருப்பதே குற்றமாகும். அந்தத் தடை குறித்து இலக்கிய வட்டத்தில் கடுமையான வாதங்கள் நடந்தன. அந்த வாதங்களில் ஒருவர் எந்தப் பக்கம் இருந்தாலும், பொது இடத்தில் கூடும் குழு ஒரு நூலை அறிவிக்குமுன் அது தடைசெய்யப்பட்டதல்ல என்பதை உறுதிசெய்துகொள்வது அதன் உறுப்பினர்களுக்குப் பாதுகாப்பு.

கிடைக்கும் என்று ஆனபிறகு அளவு வருகிறது. வேலைக்குப் போய்க் குடும்பமும் பார்ப்பவர் ஒரு மாதத்தில் படித்து முடிக்கக்கூடியது இருநூறு, இருநூற்றைம்பது பக்கம். தேசியப் பள்ளியில் படித்து, மலாயும் ஆங்கிலமும் சரளமாகவும் தமிழ் மெதுவாகவும் படிக்கும் இளைஞருக்கு அதுவே அதிகம். இவரை விட்டுவிட்டுத் தேர்வு செய்யும் குழு இரண்டு ஆண்டில் மூத்தோர் சங்கமாகிவிடும். இதற்கு எளிய வழி, தொடக்கத்தில் நாவலை விட்டுச் சிறுகதைக்கும் குறுநாவலுக்கும் போவது. புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’ இங்கே தொடங்க மிகப் பொருத்தம். இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் பிடித்துப் போகப்பட்ட ஏழைகளைப் பற்றிய நெடுங்கதை அது. ரப்பர் தோட்டத்து லயத்தில் பாட்டி பிறந்து வளர்ந்த ஒருவருக்கு அதைப் பற்றிப் பேச எந்த முன்தயாரிப்பும் வேண்டாம்.

மொழியின் கடினமும் பக்க எண்ணிக்கையும் ஒன்றோடொன்று போவதில்லை. தோப்பில் முஹம்மது மீரானின் ‘ஒரு கடலோரக் கிராமத்தின் கதை’ பெரிய நூல் இல்லை, ஆனால் குமரி மாவட்டத்து முஸ்லிம்களின் பேச்சுத் தமிழ் முதல் முப்பது பக்கத்தில் தடுமாற வைக்கும். மஸ்ஜித் இந்தியாவில் கூடும் குழுவில் அதே பேச்சைக் கேட்டு வளர்ந்தவர் ஒருவர் இருந்தால், அவர் அந்த முப்பது பக்கத்தையும் கூட்டத்தில் உரக்கப் படித்துக் காட்டலாம். பிறகு எல்லோருக்கும் வழி திறந்துவிடும். ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ 1972இல் வந்தது. மெடானும் பினாங்கும் போர்க்காலத் தென்கிழக்காசியாவும் கதைக்களம். அதில் வரும் மலாய்ச் சொற்களுக்கும் கடைத்தெரு வழக்குகளுக்கும் தமிழ்நாட்டு வாசகர் அகராதி தேடுவார், கிள்ளானில் வளர்ந்தவர் தயங்காமல் படித்துக்கொண்டு போவார். தமிழ் நாவல்களின் உச்சங்களில் ஒன்று என்று பலரும் கருதும் நூலுக்கு இந்த நாட்டு வாசகரே இயல்பான வாசகர். அது ஒரு பெரிய வாய்ப்பு. ஆனால் குழுவின் முதல் ஆண்டில் அதை எடுக்கக்கூடாது. அதன் கதைசொல்லும் முறை பழகாதவரைக் களைப்படையச் செய்யும்.

மூன்றாவதாக வருவதுதான் முக்கியமானது: அந்தப் புத்தகத்தில் பேச என்ன இருக்கிறது? மிகவும் பிடித்த புத்தகம் நல்ல கூட்டத்தைத் தரும் என்று நம்புவது இயல்பு. நடப்பது பல நேரம் நேர்மாறு. எல்லோருக்கும் ஒரேபோல் பிடித்துப்போன நூலைப் பற்றிக் கால்மணி நேரத்துக்கு மேல் பேச முடிவதில்லை. ஒரு பாத்திரம் செய்தது சரியா என்பதில் இரண்டு கட்சி உண்டாகும் நூலே மேசையைச் சூடாக்கும். அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 1998இல் நான்சி பேர்ல் என்ற நூலகர், நகரமே ஒரே புத்தகத்தைப் படிப்பது என்ற திட்டத்தைத் தொடங்கினார். அதற்காக எடுக்கப்பட்ட முதல் நாவல் ரஸல் பேங்க்ஸ் எழுதியது. ஒரு பள்ளிப் பேருந்து விபத்துக்குப் பிறகு ஓர் ஊர் என்ன ஆகிறது, பழி யார் மேல் என்பதுதான் கதை. ஆளுக்கொரு பதில் சொல்லும்படியான நூலைத்தான் அவர் எடுத்திருக்கிறார்.

அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ நாவலை எடுத்துக்கொண்டால் இது விளங்கும். சென்னையில் தண்ணீர்ப் பஞ்சம், குழாயடி, குடம் தூக்கும் பெண்கள், ஜமுனா, சாயா என்ற இரு சகோதரிகள். இருநூறு பக்கத்துக்குள் முடிந்துவிடும் நூல், எளிய மொழி. சிலாங்கூரில் 2014இல் நடந்த நீர்ப் பங்கீட்டையும், 2020 செப்டம்பரில் ஆறு மாசுபட்டு லட்சக்கணக்கான வீடுகளில் குழாய் வறண்டதையும் அனுபவித்தவர்களுக்கு வாளியோடு காத்திருப்பது என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. அந்த வழியாக உள்ளே போனவர்கள் விரைவில் ஜமுனாவைப் பற்றிப் பேசத் தொடங்குவார்கள். ஏமாற்றப்பட்டவள் என்று ஒருவர் இரங்குவார், தானே தேடிக்கொண்டாள் என்று இன்னொருவர் சொல்வார், கடைசியில் அவள் நிமிர்ந்துவிட்டாளா இல்லையா என்பதில் பெண்கள் ஒரு பக்கமும் ஆண்கள் ஒரு பக்கமும் நிற்கக்கூடும். நூல் சிறியது, ஆனால் அதைப் பற்றிய பேச்சு அன்றோடு முடியாது.

மலேசிய நூல்களில் இந்த வகை வளம் கண்ணெதிரே இருந்தும் குழுக்கள் தமிழ்நாட்டுப் பெயர்களையே முதலில் தேடுகின்றன. இது மாறவேண்டும். அகிலனின் ‘பால்மரக் காட்டினிலே’ தமிழ்நாட்டிலிருந்து வந்து பார்த்த ஒருவர் ரப்பர் தோட்டத்தைப் பற்றி எழுதியது. அதை உள்ளிருந்து எழுதிய ஒருவரின் நூலோடு, உதாரணமாகச் சீ. முத்துசாமியின் ‘மண்புழுக்கள்’ நாவலோடு, அடுத்தடுத்த மாதங்களில் படித்தால் வெளியார் பார்வைக்கும் வாழ்ந்தவர் பார்வைக்கும் உள்ள தூரம் தெரியும். முத்துசாமிக்கு 2017இல் விஷ்ணுபுரம் விருது கிடைத்தபோதுதான் தமிழ்நாட்டில் பலர் அவர் பெயரை அறிந்தார்கள். கோ. புண்ணியவானின் ‘செலாஞ்சார் அம்பாட்’, அடையாள அட்டையும் குடியுரிமையும் இல்லாத ஏழைகள் எப்படிச் சுரண்டப்பட்டார்கள் என்பதைச் சொல்கிறது. அந்தச் சிக்கல் இன்னும் முழுதாகத் தீராத நாட்டில் இதைவிடப் பேசத்தக்க கருவைத் தேடவேண்டியதில்லை.

சயாம் மரண ரயிலைப் பற்றி மட்டுமே ஒரு குழு மூன்று மாதம் படிக்கலாம். ஜப்பானியர் 1942, 43இல் தாய்லாந்துக்கும் பர்மாவுக்கும் இடையே ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளத்துக்குப் போட்ட ரயில்பாதை அது. போர்க்கைதிகள் அறுபதாயிரத்துக்கு மேல் அங்கே வேலை செய்தார்கள், அவர்களைப் பற்றி ஆங்கிலத்தில் நூல்களும் திரைப்படமும் வந்தன. அவர்களைவிடப் பன்மடங்கு அதிகமாக இருந்த ஆசியத் தொழிலாளர்கள் உலகின் நினைவில் இல்லை. அவர்களில் பெருந்தொகையினர் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள். அவர்களை நினைவில் வைத்திருப்பவை ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’, கோ. புண்ணியவானின் ‘கையறு’ போன்ற நாவல்கள். ஒரே வரலாற்றை வெவ்வேறு தலைமுறையினர் எழுதியிருக்கிறார்கள். எதில் வரலாறு மேலோங்கி நிற்கிறது, எதில் மனிதர்கள் உயிரோடு நடமாடுகிறார்கள் என்று ஒப்பிட்டுப் பார்க்கும்போது நாவல் என்ற வடிவம் என்ன செய்யவல்லது என்பதே விளங்கத் தொடங்கும். அந்த மாதம் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுவரும்படி சொல்லவேண்டும். சயாமுக்குப் போய்த் திரும்பாத ஒரு தாத்தா இல்லாத தோட்டக் குடும்பத்தைக் காண்பது கடினம். ரெங்கசாமியின் ‘லங்காட் நதிக்கரை’ ஜப்பானியர் காலத்தையும் அதையடுத்த கொந்தளிப்பையும் சிலாங்கூர் மண்ணிலேயே வைத்துச் சொல்வதால், கிள்ளான், பந்திங் பக்கத்து உறுப்பினர்களுக்கு இன்னும் நெருக்கமானது.

இனித் தேர்வு முறை. சுழற்சி முறையில் மாதம் ஒருவர் தேர்ந்தெடுப்பது பலர் பின்பற்றுவது. அமைதியானவருக்கும் ஒரு முறை வாய்ப்பு வரும் என்பது அதன் நன்மை. ஒரே நிபந்தனை விதிக்கவேண்டும்: முன்மொழிபவர் அந்த நூலை ஏற்கெனவே முழுதாகப் படித்திருக்க வேண்டும். விருது வாங்கியது, முகநூலில் எல்லோரும் பேசுகிறார்கள் என்பவற்றை வைத்து முன்மொழியப்படும் நூல்கள்தான் அதிகம் கைவிடப்படுகின்றன. படித்தவர் இரண்டு நிமிடம் ஏன் என்று சொல்லி, முதல் இரண்டு பக்கத்தை உரக்கப் படிக்கட்டும். மொழி பிடிபடுகிறதா, தொடர விருப்பம் வருகிறதா என்பது கேட்பவர் முகத்திலேயே தெரிந்துவிடும்.

சுழற்சிக்குப் பதில் வாக்கெடுப்பு வைத்தால் அதில் ஒரு பொறி இருக்கிறது. ஒன்பது பேர் உள்ள குழுவில் மூன்று நூல்கள் நிற்பதாக வைத்துக்கொள்வோம். ஆளுக்கு ஒரு வாக்கு என்றால் ‘மோகமுள்’ளுக்கு நான்கு, ‘ஒரு கடலோரக் கிராமத்தின் கதை’க்கு மூன்று, ‘தண்ணீர்’ நூலுக்கு இரண்டு கிடைக்கலாம். ‘மோகமுள்’ வென்றது, ஆனால் அந்த அறுநூறு பக்கத்தைத் தொடவே விரும்பாத ஐந்து பேர் அடுத்த மாதம் வரமாட்டார்கள். அதே ஒன்பது பேரிடம், படிக்கச் சம்மதமான எல்லா நூல்களுக்கும் கை தூக்கலாம் என்று சொன்னால், முதல் சுற்றில் கடைசியில் நின்ற ‘தண்ணீர்’ எட்டுக் கைகளைப் பெறக்கூடும். எத்தனை பேருக்கு மிகவும் பிடிக்கிறது என்பதைவிட எத்தனை பேர் படித்து வருவார்கள் என்பதே குழுவுக்கு வேண்டிய கணக்கு. ‘மோகமுள்’ போன்ற பெரிய நூலை ஆண்டுக்கு ஒன்றாக, இரண்டு மூன்று மாதத்துக்குப் பிரித்து வைத்துக்கொள்ளலாம்.

ஆங்கில நூல்களுக்கு ஒரு சொல். ஈப்போ இந்தியக் குடும்பம் ஒன்றைப் பற்றிப் பிரீத்தா சமரசன் 2008இல் எழுதிய ஆங்கில நாவலையோ, கே. எஸ். மணியத்தின் ஆங்கில நாவல்களையோ தமிழ்க் குழு மூலத்திலேயே படித்துத் தமிழில் பேசலாம். தமிழில் மெதுவாகப் படிக்கும் இளைஞர் அந்த மாதம் மற்றவர்களுக்கு முன்னே நிற்பார். அதைக் குறையாக நினைக்க வேண்டியதில்லை.

நாள்காட்டியும் தேர்வில் சேர்த்தி. நோன்பு மாதத்தில் மஸ்ஜித் இந்தியா முழுவதும் ரமலான் சந்தை, முஸ்லிம் உறுப்பினர்களுக்கு மாலைகள் இல்லை. அந்த மாதம் ஒரு சிறுகதை போதும், கூட்டத்தைக் காலையில் பிரிக்பீல்ட்ஸுக்கு மாற்றிக்கொள்ளலாம். தைப்பூசம், தீபாவளி வாரங்களிலும் அப்படியே. சனிக்கிழமை மாலையில் துவாங்கு அப்துல் ரஹ்மான் சந்தில் பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தை கூடுவதால் பக்கத்துக் கடைகளில் உட்கார்ந்து பேசக் காது கேட்காது.

எவ்வளவு கவனமாகத் தேர்ந்தாலும் சில நூல்கள் ஒத்துவராது. நான்சி பேர்ல் இதற்கும் ஒரு கணக்குச் சொல்லியிருக்கிறார்: ஐம்பது பக்கம் வரை படித்துப் பார், பிடிக்காவிட்டால் மூடிவிடு, வயது ஐம்பதைத் தாண்டியிருந்தால் நூறிலிருந்து வயதைக் கழித்து வரும் பக்கம் வரை படித்தால் போதும். குழுவில் இதைக் கொஞ்சம் மாற்றிக் கையாளலாம். நிறுத்தியவர் எந்தப் பக்கத்தில், ஏன் நிறுத்தினார் என்பதைக் கூட்டத்துக்கு வந்து சொல்லவேண்டும். பாதிப் பேர் ஒரே இடத்தில் நிறுத்தியிருந்தால் அங்கே நூலில் ஏதோ நடந்திருக்கிறது, அன்றைய பேச்சை அந்தப் பக்கத்திலிருந்து தொடங்கலாம். படித்த நூல், முன்மொழிந்தவர், முடித்தவர் எண்ணிக்கை, பேச்சு எப்படிப் போனது என்பதை ஒரு குறிப்பேட்டில் ஒருவர் வரிக்கு வரி எழுதிவந்தால், ஓராண்டில் அந்தக் குழுவுக்கு எவ்வகை நூல் ஒத்துவருகிறது என்பது அதிலேயே தெரிந்துவிடும். புதிதாகச் சேர்கிறவர் கையில் முதலில் கொடுக்கவேண்டியதும் அந்தக் குறிப்பேடுதான். தம் முறை வரும்போது எதை முன்மொழியலாம் என்று அவர் அதைப் பார்த்தே முடிவுசெய்துகொள்வார்.